கூப்பிட்டால் திரும்பாதவள்

மகளின் வகுப்பு வாசலில் வந்து நின்ற சம்பந்தத்திடம் டீச்சர் சலித்துக்கொண்டார். "உங்க அபிதா எதையும் கவனிக்கறதில்லைங்க. கூப்பிட்டாலும் திரும்பறதில்லை, வாயையும் திறக்கறதில்லை. அடுத்த வருஷம் இங்க சேர்த்துக்க முடியாது."

"வீட்ல சொன்ன வேலையை ஜல்தியா செய்யுதே! இங்க மட்டும் திமிரா? தோலை உரிச்சுடறேன்." தறியை நிறுத்திவிட்டு வந்த ஆத்திரம் அவருக்கு.

"இருங்க. வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"நாலு தறி ஓடிகினு இருக்கற வீடுங்க. கூப்பிட்டா யாருக்குக் கேட்கும்? எல்லாருக்கும் கைஜாடைதான்."

சொன்னவர் சட்டென்று வகுப்புக்குள் நுழைந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"அபிதா!" என்று கத்தினார்.

மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அபிதா மட்டும் வெளியே ஓர் அணிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.