திறந்த மனசுக்காரர் தேவை

பிலிப்பைன்ஸின் செபுத் தீவில் யாராவது உங்களை நிறுத்தி, "உங்களுக்குத் திறந்த மனசா?" என்று கேட்டால் ஓடிவிட வேண்டும். சோப்புக் கம்பெனிக்கு ஆள் பிடிப்பவர்கள் அப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

இசித்ரோவுக்கும் அது தெரியும். ஆனால் அவன் சொல்ல வந்த சங்கதியை வேறு எப்படித் தொடங்குவது?

படகுத்துறையில் மீன்காரியிடம் கேட்டான். "போன மாசமே சேர்ந்துட்டேன், அண்ணே!" என்று கூடையோடு ஓடினாள். பாதிரியாரிடம் கேட்டான். "பூசைக்கு நேரமாச்சு" என்று நழுவினார். அன்றைக்குப் பூசையே கிடையாது.

துறையின் முனையில் அவன் மனைவி நெனித்தா வழக்கம்போல் கடலைப் பார்த்து நின்றிருந்தாள். அவள் இப்படித் தினமும் வெயிலில் நின்று கருகக்கூடாது. அதை நேரில் சொல்லத்தான் அவனுக்குத் துணிவில்லை.

கடைசியில் பழைய கூட்டாளி பண்டோய்தான் இஞ்சிக் கஞ்சியை ஊதிக்கொண்டே, "சொல்லித் தொலைடா. ஆனா எதையும் வாங்க மாட்டேன்" என்றான்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின புயல்ல எங்க படகு கவுந்துடுச்சு. நான் பிழைக்கல. இனிமே காத்திருக்க வேணாம்னு நெனித்தாகிட்ட சொல்லிடு."

பண்டோய் ஒரு வாய் கஞ்சி குடித்தான்.

"நீ செத்தது ஊருக்கே தெரியுமேடா. நாப்பதாம் நாள் சாப்பாடு நான்தான் பரிமாறினேன். எல்லாரும் பயந்தது உனக்கில்ல, சோப்புக்கு."

இசித்ரோ துறையின் முனையைத் திரும்பிப் பார்த்தான்.

"நெனித்தாவுக்கும் தெரியுமா?"

"தெரியாம?"

"அப்புறம் ஏன் தினமும் வந்து நிக்கிறா?"

"நீ தினமும் இங்க வர்றியேடா. தனியா நிப்பியேன்னுதான்."