மேப்ரியின் முழங்கால்

கல்லூரி ஃபுட்பால் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாள். அடுத்த முறை தங்களுடையது என்றதும் மேலாளர் ப்ரூயிட்டுக்கு வியர்த்துக் கொட்டியது.

"மேடம், மேப்ரியை இன்னும் யாரும் எடுக்கல. தூக்கிடலாம்!"

அணியின் முதலாளியம்மா லொரெட்டா முறைத்தார். "முழங்கால் போனவனையா? ஊரே சொல்லுதே, டிவி பார்க்கலையா?"

"சுத்தப் புரளி மேடம். இவனையும் விட்டா இந்த சீசனும் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். உங்க கால்ல வேணா விழறேன்!"

"புரளின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ப்ரூயிட் உடைந்துபோனார்.

"கிளப்பிவிட்டதே நான்தான் மேடம்! வேற எந்த டீமும் அவனைத் தொடக் கூடாதுன்னு..."

லொரெட்டா போனை எடுத்து, வேறொருவன் பெயரைச் சொல்லி வைத்தார். பிறகு ப்ரூயிட்டைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

"ஒரு பையனை எடுக்கறதுக்காக, புரளியைக் கிளப்பினதே நான்தான்னு இப்படியாப்பா புளுகுவே?"