கோபி, நீங்க சொல்லுங்க!

"அண்ணா, கோபின்னு கூப்பிட்டா கையைத் தூக்கு. 'எஸ் சார்'னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறக்காத!"

போனில் தம்பி கோபி கெஞ்சினான். சென்னையில் நண்பன் கல்யாணத்துக்குப் போனவன். செகந்திராபாத்துக்குத் திரும்பி வரும் ரயில் காஜிப்பேட்டையில் மூன்று மணி நேரமாக நகராமல் நின்றது.

"எனக்கு இருபத்தொன்பது வயசுடா. முன்மண்டை வேற காலியாயிட்டு வருது. யார்டா நம்புவாங்க?" என்றான் நந்தகுமார், கல்லூரி வாசலில் நின்றபடி.

"முதல் நாள் அறிமுக வகுப்புக்கு வரலேன்னா சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போயிடும்ண்ணா. பன்னெண்டு பேர் காத்திருக்காங்க!"

வெப் டிசைன் சீட்டு போன வருடமே கை நழுவிப் போனது. அந்த ஒரு வருடமும் தம்பி யாருக்கும் முகம் கொடுக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தான். இன்னொரு வருடம் அதைப் பார்க்க நந்தகுமாருக்குத் தெம்பில்லை. அதனால்தான் பாலாநகர் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஏ.எஸ்.ராவ் நகர் வரை ஓடி வந்திருந்தான்.

கம்ப்யூட்டர் அறையில் கடைசி வரிசையாகப் பார்த்து உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். "அப்புறம் பேசறேம்மா" என்று கிசுகிசுத்து வைத்தான்.

பக்கத்து சீட்டுப் பெண் சட்டென்று திரும்பினாள். "தமிழா? நானும்தான். சபீனா, செகந்திராபாத். ஏன் கை இப்படி வேர்க்குது உங்களுக்கு? டென்ஷன் நக்கோ, வேணாம்! சாரும் இன்னைக்குத்தான் புதுசா ஜாயின் பண்றாராம்."

நந்தகுமார் பல்லைக் காட்டிச் சமாளித்தான்.

உள்ளே வந்தவர் கதவைச் சாத்தினார். "குட் மார்னிங். ஐயம் பிரசாத்" என்று வருகைப் பட்டியலைப் பிரித்தார்.

"கோபி?"

"எஸ் சார்."

அவர் பட்டியலைப் பார்த்தார். நந்தகுமாரைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார். டிக் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நந்தகுமாருக்குப் போன உயிர் பாதிதான் திரும்பி வந்தது.

திரையில் பாடம் ஓடியது. இங்கிலீஷும் தெலுங்குமாக அதை ஒரு வரி விடாமல் படித்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"ஒரு வெப்சைட்ல முதல் பக்கத்தோட வேலை என்ன?"

பத்துக் கைகள் உயர்ந்தன. அவர் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

"கோபி, நீங்க சொல்லுங்க!"

நந்தகுமார் எழுந்தான். தெரிந்ததைச் சொல்லித் தொலைப்போம் என்று நினைத்தான். "எந்தச் சாமான் எந்த ரேக்ல இருக்குன்னு வாசல்லயே எழுதி வச்சிருக்கணும் சார். இல்லேன்னா வந்தவன் தேடித் தேடிக் கடுப்பாகித் திரும்பிப் போயிடுவான்."

சிரிப்பு எழுந்தது. "வெரி குட்! அதேதான்!" என்றார் அவர், அவசரமாக.

தப்பித்தோம் என்று உட்காருவதற்குள் சபீனா கை தூக்கினாள். "சார், அதே பக்கத்தை மொபைல்ல திறந்தா சின்னதா அடங்கணுமே, அதுக்கு என்ன கோட் எழுதணும்?"

"நல்ல கேள்வி. கோபி, நீங்க சொல்லுங்க!"

"தெரியாது சார்."

"பரவாயில்ல. அதைத் தெரிஞ்சுக்கத்தானே இந்தக் கோர்ஸ்!"

அதோடு விட்டாரா? யார் எதைக் கேட்டாலும், "கோபி, நீங்க சொல்லுங்க!" ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை எழுந்து நின்றுவிட்டான். சந்தேகமே இல்லை. கண்டுபிடித்துவிட்டார். எலியைப் பிடித்த பூனை மாதிரி உருட்டி விளையாடுகிறார். தம்பியின் சீட்டு போச்சு. வீட்டுக்குப் போய் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

மணி அடித்தது.

"எல்லாரும் போகலாம். கோபி மட்டும் இருங்க."

சபீனா பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். அறை காலியானது. அவர் வராந்தாவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தமிழ்லயே பேசலாம், உங்க தெலுங்கே காட்டிக் கொடுத்துடுச்சு. நீங்க கோபி இல்லதானே? லிஸ்ட்ல போட்டோ இருக்கு."

நந்தகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவனோட அண்ணன் சார். ரயில் லேட்டு. நான்தான் கூறு கெட்டுப்போய் வந்து உட்கார்ந்துட்டேன். என்னை என்ன வேணா செய்யுங்க, அவன் சீட்டைப் பறிச்சுடாதீங்க. இன்னொரு வருஷம் அவன் தாங்க மாட்டான் சார்!"

"மெதுவா, மெதுவா! அட்டெண்டன்ஸ் போட்டாச்சு. நாளைக்கு அவரை அனுப்புங்க."

நந்தகுமாரால் நம்ப முடியவில்லை. "அப்புறம் ஏன் சார் என்னையே கேள்வி கேட்டுக் கொன்னீங்க?"

அவர் அங்கிருந்த நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டு தொப்பலாக நனைந்திருந்தது.

"வேற யாரைங்க கேக்கறது? அந்தப் பசங்க எல்லாம் விவரமானவங்க, வாயைத் திறந்தா நான் மாட்டிக்குவேன். என்னைவிட ஒண்ணும் தெரியாதவர்னு பார்த்தா நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க" என்றார். "பிரசாத் எங்க அண்ணன். ஜாயினிங் கையெழுத்துப் போட்ட கையோட அண்ணிக்குப் பிரசவ வலின்னு போன் வந்துச்சு. முதல் கிளாஸையே விட்டா வேலை போயிடும்னு என்னை இங்க நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாரு. நான் மெடிக்கல் ஷாப்ல மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன் சார்!"