கண்ணாடிப் பெட்டியில் ஒரு ஜோடி

இது என் முதல் முயற்சி. எழுதத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

ஒரு வீட்டில், பகலில் திரியும் பச்சைப் பல்லிகளைக் கண்ணாடிப் பெட்டியில் ஜோடியாக வளர்த்தார் கணவர். விளக்குச் சூடு, இலைமேல் நீர்த்தெளிப்பு, பழக்கூழ் எதிலும் குறை வைக்கவில்லை. பெண் பல்லிதான் முட்டையிட்டதாகக் காணோம்.

“மூணாவதும் உன்னை மாதிரியே மலடு. தூக்கி வெளியே போடு,” என்றார் மனைவியிடம்.

“குளிர் தாங்காம செத்துடும்ங்க.”

“சாகட்டும். வேற வாங்கினா ஆச்சு. உனக்குப் பதிலாவும் வேற பார்க்கச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாங்க.”

நான்காவது வந்தது. பத்தாம் நாள் காலை, கணவர் எழுமுன் மனைவி பெட்டியைத் துடைத்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த இரண்டு முட்டைகளை, வழக்கம்போலவே, பிளேடால் சுரண்டிக் குப்பையில் போட்டாள். மலடு என்ற அந்தச் சொல்லைத் தனியாகச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

அவ்வீட்டில் இதுவரை போனவை: பெண் பல்லிகள் மூன்று, முட்டைகள் பதினாறு.