பத்தரை மணிக் கையெழுத்து

“கோர்ட்டே விட்டாச்சு. அப்புறம் இன்னாத்துக்கு உங்க வூட்டுக்காரரு தினமும் ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கிறாரு?”

பானுமதி கேட்டது தெருக்குழாயடியில். நாலு பேர் காதில் விழும்படிதான் கேட்டாள்.

ஜாய்ஸ் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “யாரு சொன்னது?”

“எங்க வூட்டுக்காரரு ஷேர் ஆட்டோ ஓட்டறாரு இல்ல? தினம் பாக்குறாராம். டான்னு பத்தரைக்கு.” பானுமதி குரலைத் தாழ்த்தினாள். “தப்பா நெனைக்காத ஜாய்சு. போலீசுக்கு ஆள் காட்டுற வேலை எதுனா ஒத்துகினாரா?”

ஜாய்ஸ் விருட்டென்று திரும்பி நடந்தாள். குடம் தளும்பிப் புடவை நனைந்ததுதான் மிச்சம்.

அவள் கணவன் ஜெபகுமார் எலக்ட்ரீஷியன். கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் அவனும் கூட்டாளி லோகுவும் வேலை பார்த்தபோது அங்கே ஒரு தங்கச் சங்கிலி காணாமல் போனது. “அந்த ரூமுக்கு ஜெபகுமார்தான் சார் போனான்” என்று லோகு கைகாட்டிவிட்டான்.

இருபத்திரண்டு நாள் சிறை. அப்புறம் ஜாமீன். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. சங்கிலியை விற்கப் போய் லோகு மாட்டிக்கொண்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. இரண்டு மாதம் முன்பு செங்கல்பட்டு கோர்ட் ஜெபகுமாரை வழக்கிலிருந்து விடுவித்தது.

“இனிமே நீ ஃப்ரீப்பா. கன்னியாகுமரிக்குப் போ, காஷ்மீருக்குப் போ. எவனும் கேக்க முடியாது” என்றார் வக்கீல்.

அப்படிப்பட்டவன் ஸ்டேஷனுக்குப் போகிறானாம்!

ஜாய்ஸுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக டிபன் டப்பாவில் நாலு இட்லி கூடுதலாக வைக்கச் சொல்கிறான். பீரோவில் இருந்த வீட்டு வரி ரசீதைக் காணோம். கேட்டால், “எங்கனா இருக்கும், தேடு” என்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் நடந்தது இன்னும் மோசம். “விடுதலையான சகோதரர் வந்து சாட்சி சொல்லுங்க” என்று பாஸ்டர் ஆசையாகக் கூப்பிட்டார். இவன் மைக்கைப் பிடித்து, “கோர்ட்டு விட்டுடுச்சு. ஆனா முழு விடுதலை இன்னும் வரல. இப்பதான் கொஞ்சங்கொஞ்சமா வந்துகினு கீது. ஜெபம் பண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“இன்னொரு கேஸு கீதா?” என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

குழாயடியில் பேசின மறுநாள் ஜாய்ஸ் தையல் மெஷினை மூடிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். ஸ்டேஷனுக்கு எதிரே ஜூஸ் கடை ஓரமாக நின்றாள்.

பத்து இருபத்தைந்துக்கு ஜெபகுமாரின் பைக் வந்தது. பின்னால் ஹெல்மெட் போட்ட ஒரு ஆள். அவன் இறங்கி, தயங்கித் தயங்கி உள்ளே போனான். வாசலில் நின்ற பெண் போலீஸ் ஜெபகுமாரைப் பார்த்துச் சிரித்தார்.

ஜாய்ஸ் விடுவிடுவென்று ரோட்டைக் கடந்தாள்.

“நல்லா கீதுங்க! நாம பட்டது போதாதா? இன்னொரு குடும்பத்தையும் இந்த வாசல்ல கொண்டாந்து நிக்க வெக்கணுமா?”

ஜெபகுமார் திகைத்துப் போனான். “ஜாய்ஸ்… நீ எங்க இங்க?”

“ஏம்மா, யாரு நீ? எதுக்குக் கத்துற?” என்றார் பெண் போலீஸ்.

“இவரு சம்சாரம். ஆள் காட்டிக் குடுக்கிற பொழப்பு எங்களுக்கு வேணாம் மேடம்.”

“ஆள் காட்டறாரா? நல்லா சொன்ன போ! தான் ஜாமீன் குடுத்த ஆளைத் தினம் வண்டியில இட்டாந்து, கையெழுத்து முடிஞ்சதும் இட்டுகினு போறாரு. கட்டின பொண்டாட்டிகூட இப்படி வரமாட்டா.”

“ஜாமீனா?” ஜாமீன் நிற்பவர் கோர்ட்டில் காட்ட வேண்டிய வரி ரசீது எங்கே போனதென்று ஜாய்ஸுக்குப் புரிந்தது. “யாருக்குங்க?”

ஜெபகுமார் ஸ்டேஷன் படியைப் பார்த்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி படியிலேயே நின்றுவிட்டான்.

லோகு.

தினமும் ஜெபத்தில் ஜாய்ஸ் தவறாமல் சொல்கிற பெயர். நல்லதுக்கு அல்ல.

“இவனுக்கா? இவனுக்காங்க?” அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“சொல்லியிருந்தா ரசீதைக் குடுத்திருப்பியா?”

“கிழிச்சுப் போட்டிருப்பேன்.”

“அதான் சொல்லல. தப்புதான்.” ஜெபகுமார் பைக் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அவனுக்கு ஜாமீன் குடுக்க ஒருத்தரும் வரல ஜாய்ஸ். கூடப் பொறந்த அண்ணன்கூட வரல.”

“வராம போகட்டுமே. உங்களுக்கு இன்னா?”

“உள்ள இருந்தப்ப தினம் இவன் கழுத்தை நெரிக்கிற மாதிரியே நெனச்சுகினு படுப்பேன். வெளிய வந்தும் அதேதான். கோர்ட்டு என்னை விட்டுச்சு, நான் இவனை விடல. இவனைப் பிடிச்சுகினே நானும் உள்ளயே கெடந்தேன். ஜாமீன்ல கையெழுத்துப் போட்ட அன்னிக்குத்தான் தூங்கினேன்.”

“சரி, போட்டீங்க. தினமும் எதுக்கு வரணும்? ஓடிடுவான்னு பயமா?”

“இந்த வாசல்ல தனியா வந்து நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

லோகு படியை விட்டு இறங்கவே இல்லை. தலை நிமிரவும் இல்லை.

பைக்கின் ஹேண்டில்பாரில் டிபன் டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. ஜாய்ஸ் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் அவங்கிட்ட பேசமாட்டேன்” என்றாள் கணவனிடம். “நாளைக்கு நாலு இட்லி போதுமா, ஆறா வெக்கட்டுமான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க.”