உள்ளே இல்லாத கோப்பு

திரையில் மறுபடியும் அதே பிழை வந்தது.

ஏதோ ஒரு லைப்ரரி கோப்பு கிடைக்கவில்லையாம். அதனால் மென்பொருளைத் தொடங்க முடியவில்லையாம்.

சுதர்ஷினி நெற்றியைச் சுருக்கினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்தாள். இந்தத் தடவையும் இதே பிழைதான் வரும் என்று தெரிந்தே செய்தாள்.

அவளுக்குப் பின்னால் கனகலிங்கம் நின்றுகொண்டிருந்தார். லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பெரிய கிளாக்கர்.

"இன்னும் கனநேரம் செல்லுமோ, பிள்ளை?"

"பாக்கலாம் சேர்."

கண்டியில் அவள் வேலை செய்த கம்பியூட்டர் கம்பனிக்கு இந்த வேலை வந்தபோது, தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் நான் போகிறேன் என்று அவளாகத்தான் கேட்டு வாங்கினாள்.

யார் எந்த நாள் மலைக்குப் போனார்கள், எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள் என்று பதிகிற பழைய மென்பொருளைப் புதிய கணினிக்கு மாற்ற வேண்டும். புதிய கணினி பழையதை நேராக ஏற்காது. ஆகவே உள்ளே தனியாக ஓர் அறை மாதிரி அடைத்து, பழையதை அதில் குடிவைப்பார்கள். அறைக்கு வெளியே என்ன இருந்தாலும் உள்ளே இருப்பதற்குத் தெரியாது. வேண்டியதையெல்லாம் உள்ளேயே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஒரு கோப்பு மட்டும் விட்டுப்போயிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று வந்த கொஞ்ச நேரத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதே கணினியில், அறைக்கு வெளியே. ஒரு வரி தட்டினால் உள்ளே போய்விடும்.

அவள் தட்டவில்லை.

மத்தியானம் கொழும்பிலிருந்து தோட்டத்துக் கம்பனிக்காரர்கள் வருகிறார்கள். கனகலிங்கத்துக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. புதிய கணினியை ஓட்டிக் காட்டினால் வேலையை நீட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் குவாட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். போக இடம் கிடையாது. யாழ்ப்பாணத்து வீடு இராணுவ வலயத்துக்குள் இருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த ஆபீஸ் ஆள் செல்லசாமி இதையெல்லாம் பாவப்பட்டுச் சொன்னார்.

கேட்கக் கேட்க அவளுக்கு இனித்தது.

தொண்ணூற்றாறில் அவளுடைய அண்ணன் அழகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். அடையாள அட்டை இல்லை. அப்போது இதே தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேருக்கு இல்லை. ஒரு சுற்றிவளைப்பில் புலியென்று சந்தேகப்பட்டுப் பொலிஸ்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்து ஆபீசிலிருந்து யாராவது போனில் பேசி, எங்கள் தோட்டத்துப் பையன்தான் என்று சொன்னால் விட்டுவிடுவதாகக் கடை முதலாளியிடம் சொல்லியிருந்தார்கள்.

தோட்டத்தில் ஆபீசில் மட்டும்தான் போன் இருந்தது. அதற்கு ஒரு சின்னப் பூட்டு. சாவி கனகலிங்கத்திடம்.

அம்மா வீரம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு சுதர்ஷினி நின்றாள். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான், வேலை செய்த நாளுக்குப் பேர் பதியவில்லை என்று அப்பா, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் கனகலிங்கத்தை எதிர்த்துக் கத்தியிருந்தார்.

"நாளைக்குப் பாப்பம்" என்றார் கனகலிங்கம்.

மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். வாரம் முடிகிற நேரத்தில்தான் பூட்டைத் திறந்து பேசினார். அந்தப் பக்கத்தில் சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்களாம்.

அடுத்த மாதமே குடும்பம் தோட்டத்தை விட்டு ராகலையில் மாமா வீட்டுக்குப் போய்விட்டது.

மேட்டில் ஜீப் ஏறும் சத்தம் கேட்டது. கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

வந்த இரண்டு பேரும் உட்காரவில்லை. இளையவர் குனிந்து திரையைப் பார்த்து, என்ன சிக்கல் என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு கோப்பு கிடைக்கவில்லை, இன்றைக்கு முடியாது என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள்.

"இந்தப் பெண்ணுக்கு வேலை தெரியாதா?" என்று அவர் கனகலிங்கத்தைக் கேட்டார்.

"அந்தப் பிள்ளையில் தப்பில்லை" என்றார் கனகலிங்கம். "நான் கொடுத்த சீடிதான் பிழை."

அவர் எந்த சீடியும் கொடுக்கவில்லை.

பெரிய மனுசத்தனம் காட்டுகிறார் என்று நினைத்தாள். அவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

கனகலிங்கத்தின் வேலையை மாதக் கடைசியோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கனகலிங்கம் வாசல் வரை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஜீப் சத்தம் அடங்கும் வரை சுதர்ஷினி காத்திருந்தாள்.

"சேர், இங்க வாங்க. இதைப் பாருங்க."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு வரியைத் தட்டினாள். மென்பொருள் திறந்தது. தோட்டத்து ஆட்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின.

"இவ்வளவுதானோ?" என்றார் கனகலிங்கம்.

"இவ்வளவுதாங்க."

இனித் தான் யார் என்று சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். அதைக் கேட்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கத்தான் வந்தாள்.

வாயெடுத்தாள். அதற்குள் அவர் பேசிவிட்டார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"காலமை நீர் உள்ளுக்கு வரேக்கயே விளங்கீட்டுது. வீரம்மாட முகம். பிள்ளை, அண்ணன் பிறகு திரும்பி வந்தவனோ?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

வயரை மெதுவாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"இல்லீங்க" என்றாள். "நீங்க போன்ல பேசின அன்னைக்குக் காலையிலதான் அவன வேற எங்கயோ ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க."