விலை இறங்கிய துப்பாக்கி

“பழசு வேணாம்ப்பா. எலக்ட்ரானிக் துப்பாக்கி ஒண்ணு வாங்கிப் போடு. இப்பத்தான் விலை இறங்கிருச்சே!” என்று பிடிவாதம் பிடித்தார் பக்ருதீன்.

வத்தலக்குண்டில், சாயக் குண்டுகளால் சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் மைதானம் நடத்தும் இளவேனிலுக்கு எரிச்சலாக வந்தது.

“வாராவாரம் உங்க மச்சானைத் தோக்கடிக்கிறீங்க. அது பத்தாதா பாய்?”

“பத்தலையே! அதுல ட்ரிக்கரை லேசாத் தொட்டாலே போதுமாம்ல?”

வேண்டாவெறுப்பாக ஒன்றை வரவழைத்தான். ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிய பக்ருதீன், நேரே மச்சான் ஃபாரிஸிடம் நீட்டினார்.

ஃபாரிஸ் கையுறையைக் கழற்றினார். தோல் பதனிடும் மிஷினில் நசுங்கிய விரல்களை இளவேனில் அன்றுதான் பார்த்தான். பழைய ட்ரிக்கரை அழுத்த அவற்றுக்கு ஏது வலு?

“சுடுங்க மச்சான்!”

பக்ருதீனின் வெள்ளைச் சட்டையில் சிவப்புச் சாயம் தெறித்தது.

“அல்ஹம்துலில்லா!” என்று முதலில் கூவியவர் அடி வாங்கியவர்தான்.